கோபத்துக்கு ஒரு பாய்

பள்ளிவாசல் மதரஸாவில் சின்னப் பிள்ளைகளுக்கு நற்குணப் பாடம் எடுக்க வரமுடியுமா என்று பள்ளி இமாம் ஹஜரத் என்னிடம் கேட்டதைக் கேள்விப்பட்டு எங்கள் தெருவே சிரித்தது. எனக்குக் கோபம் வரும். கொஞ்சமாக வராது. தெரு முழுக்கக் கூவிக்கொண்டு வரும் கீரைக்காரம்மா எங்கள் வாசலுக்கு வந்ததும் வாயை மூடிக்கொண்டு மெதுவாகக் கதவைத் தட்டுவார். என் வீட்டுக்காரர், “ஹஜரத் வீடு மாறி வந்துட்டாரா?” என்று கேட்டார்.

வீடு மாறி வரவில்லை. வேறு ஆள் இல்லை, அவ்வளவுதான். படித்த பெண்கள் காலையில் பஸ் ஏறித் தஞ்சாவூருக்கு வேலைக்குப் போய்விடுகிறார்கள். மீதிப் பேருக்குப் பிள்ளைகள் கூட்டத்தைக் கண்டால் பயம். எனக்கு ஓதத் தெரியும், தமிழ் படிக்கத் தெரியும், சத்தம் இருக்கிறது.

“குர்ஆன் ஓத நான் சொல்லிக் குடுத்துக்கிறேன்மா. சாயங்காலம் அஸர் தொழுகைக்கு அப்புறம் அரை மணி நேரம், நல்ல பழக்கம் மட்டும் நீங்க சொல்லிக்குடுங்க. சண்டை போடக் கூடாது, பொய் சொல்லக் கூடாது, அந்த மாதிரி” என்றார் ஹஜரத்.

ஒத்துக்கொண்டேன். நன்மைக்காக என்று சொன்னால் பொய். சிரித்தவர்களின் வாயை அடைக்கத்தான்.

பதினேழு பிள்ளைகள். ஐந்து வயதிலிருந்து எட்டு வயதுவரை. ஸ்கூல் விட்டு, சீருடையோடு, பசியோடு வருவார்கள். அடிக்கிறவர்கள் ஒரு வகை, என்னிடம் வந்து கோள் சொல்கிறவர்கள் இன்னொரு வகை. இரண்டாவது வகைதான் தலைவலி.

முதல் வாரத்தில் நான் சொல்லிக் கொடுத்தது கோபத்தைப் பற்றி. நின்றுகொண்டிருக்கும்போது கோபம் வந்தால் உட்காருங்கள், அப்படியும் போகாவிட்டால் படுத்துக்கொள்ளுங்கள் என்று நபிகள் நாயகம் சொல்லியிருக்கிறார்கள். சின்னப் பிள்ளைகளுக்குப் புரிகிற பாடம். உட்கார எல்லாருக்கும் தெரியும். நான் அதைச் சொல்லி முடித்து, எல்லாரையும் நிற்கவைத்து, உட்காரவைத்து, படுக்கவைத்துப் பயிற்சியும் கொடுத்தேன். இரண்டு பேர் படுத்த இடத்திலேயே தூங்கிவிட்டார்கள்.

மறுநாள் குர்ஆன் வைத்து ஓதும் ரேஹல் பலகைக்காக இரண்டு பையன்கள் கட்டிப் புரண்டார்கள். ஒருவன் பலகையைத் தூக்கி இன்னொருவன் தலையில் வைத்தான். மெதுவாக வைக்கவில்லை. நான் எழுந்து போட்ட சத்தத்தில் வெளியே தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளு செய்துகொண்டிருந்தவர்கள் குழாயைத் திறந்தபடி விட்டுவிட்டு எட்டிப் பார்த்தார்களாம்.

முன் வரிசையில் இருந்த ஆறு வயதுப் பெண் எழுந்து போய், மூலையில் சுருட்டி வைத்திருந்த கோரைப் பாயை இழுத்து வந்து என் காலடியில் விரித்தாள்.

“உட்காருங்க டீச்சர்.”

“நீ உன் இடத்துக்குப் போ.”

“நீங்க நிக்கிறீங்க. கோவம் வந்திருச்சு. உட்காரணும்.”

மற்ற பதினாறு பிள்ளைகளும் சேர்ந்து, “உட்காருங்க டீச்சர்” என்றார்கள். பலகையால் அடித்தவனும் சொன்னான். அடி வாங்கியவனும் அழுகையை நிறுத்திவிட்டுச் சொன்னான். நான் உட்கார்ந்தேன். அவள் குனிந்து என் முகத்தைப் பக்கத்தில் வந்து பார்த்தாள். டாக்டர் பார்ப்பது மாதிரி.

“இன்னும் போகல. படுத்துக்கங்க.”

“படுக்க மாட்டேன்டி.”

“நீங்கதானே சொன்னீங்க?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தது தப்பு. அன்றிலிருந்து அந்தப் பாய் வகுப்பில் எனக்கென்று ஆகிவிட்டது. நான் குரலை உயர்த்தினால் போதும், யாராவது ஒருவர் மூலைக்கு ஓடுவார்.

பாய் விரித்த அந்தப் பெண் என் தங்கச்சி மகள். வெளியில் நான் அவளுக்குப் பெரியம்மா. மதரஸாவுக்குள் டீச்சர். அவளுடைய அம்மாவோடு நான் பேசி அப்போது ஒன்பது மாதம் ஆகியிருந்தது.

அதைச் சொல்ல வேண்டும். நானும் தங்கச்சியும் ஒரே ஊரில் வாழ்க்கைப்பட்டவர்கள். நடுவில் வாய்க்கால், இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள். எங்கள் வயலும் பக்கத்துப் பக்கத்து வயல். போன தை மாதம் சம்பா அறுவடை. வயலில் ஈரம் காயவில்லை. சக்கரத்துக்குப் பதில் சங்கிலிப் பட்டை போட்ட பெல்ட் வண்டி என்கிற அறுவடை இயந்திரம்தான் அந்தச் சேற்றில் இறங்கும். ஊருக்கு வந்தது ஒரே ஒரு வண்டி. என் வீட்டுக்காரர் பூதலூர் வரைக்கும் போய் அலைந்து சொல்லிவைத்த வண்டி. மத்தியானம் எங்கள் வயலில் இறங்க வேண்டியதை என் தங்கச்சி வரப்பிலேயே மடக்கி, “ஒரு மணி நேரம்தான்” என்று டிரைவரிடம் சொல்லித் தன் வயலில் இறக்கிவிட்டாள். சாயங்காலம்வரை வண்டி வரவில்லை. மழை வந்தது. எங்கள் பயிர் அப்படியே சாய்ந்து நாலு நாள் தண்ணீரில் கிடந்தது. கதிரிலேயே நெல் முளைவிட்டுப் பச்சையாக நின்றது.

மழை வந்த அன்றைக்கே வரப்பில் நின்று, டிரைவர், ஆட்கள் எல்லார் முன்னாலும் அவளிடம் சொன்னேன்: “இனிமே என் மையத்துக்குக்கூட நீ வரக் கூடாது.” மையத்து என்றால் நான் செத்துக் கிடக்கும் உடம்பு. எங்களில் இதற்கு மேல் சொல்ல வார்த்தை இல்லை. ஏதோ சொல்ல வாயெடுத்தவள் திரும்பிப் போய்விட்டாள்.

தப்பு அவளுடையது. இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன். ஆனால் நான் சொன்ன வார்த்தையும் முளைவிட்ட நெல் மாதிரிதான். எதற்கும் ஆகாது.

இப்படி இருக்கும்போதுதான் வகுப்பில் அந்தப் பாடம் வந்தது. ஒரு முஸ்லிம் இன்னொருவரோடு மூன்று நாளுக்கு மேல் பேசாமல் இருக்கக் கூடாது, முதலில் ஸலாம் சொல்கிறவர்தான் இருவரில் சிறந்தவர். புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே வேகமாகப் படித்துவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினேன். விடுவார்களா?

“டீச்சர், மூணு நாள்னா ஸ்கூல் லீவு நாளும் சேர்த்தா?”

“சேர்த்துதான்.”

“டீச்சர், நீங்க யார்கூடயாவது பேசாம இருக்கீங்களா?”

என் தங்கச்சி மகள் பென்சிலை வாயில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். ஊருக்கே தெரிந்த விஷயம், பிள்ளைகளுக்குத் தெரியாமல் இருக்குமா? “கேள்வி கேட்டது போதும், எழுதுங்க” என்று கத்தினேன். பாய் வந்தது.

அந்த இடத்திலிருந்து தப்பிக்க அடுத்த பாடத்துக்குத் தாவினேன். அங்கேதான் மாட்டிக்கொண்டேன். சண்டை போட்ட இரண்டு பேரைச் சேர்த்துவைப்பதற்காக நல்ல வார்த்தையைக் கொண்டுபோய்ச் சொல்கிறவர் பொய்யர் இல்லை என்பது பாடம். சின்னப் பிள்ளைகளிடம் சொல்லும்போது அளந்து சொல்லியிருக்க வேண்டும். நான் அளக்கவில்லை. “சமாதானம் பண்ணி வைக்கிறதுக்காக ஒண்ணு ரெண்டு கூடுதலா சொல்லலாம், பாவம் இல்ல” என்று சொல்லிவிட்டேன்.

பதினேழு முகத்திலும் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

ஒரு வாரத்தில் மதரஸா பொய்க்காடாகிவிட்டது. எல்லாம் நல்ல பொய்.

“டேய், உன் சைக்கிள்தான் ஊர்லயே அழகுன்னு அவன் சொன்னான்டா.”

“அவனா? நேத்துதான் காத்த புடுங்கிவிட்டான்.”

“காத்து அதிகமா இருந்துச்சாம். டயர் வெடிச்சிரக் கூடாதுன்னு புடுங்குனானாம்.”

சண்டை இல்லாதவர்களையும் சேர்த்துவைக்கத் தொடங்கினார்கள். சேர்த்துவைக்க ஆள் கிடைக்காதபோது முதலில் சண்டை மூட்டிவிட்டுப் பிறகு சேர்த்துவைத்தார்கள். ஒரு தாய் வந்து, “டீச்சர், எம்மவன் எங்க மாமியார்கிட்ட போயி, நான் அவங்கள தங்கம்னு சொன்னதா சொல்லியிருக்கான். அந்தம்மா மூணு நாளா என்னைச் சந்தேகமாவே பாக்குது” என்றாள். ஹஜரத் என்னைக் கூப்பிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு, “எந்தப் பாடத்த எந்த வயசுல சொல்றதுன்னு ஒண்ணு இருக்கும்மா” என்றார். நான் தலையை ஆட்டினேன். என்ன செய்வது, சொன்னதைத் திரும்ப வாங்க முடியுமா?

அந்த வாரம்தான் என் தங்கச்சி மகள் வகுப்பு முடிந்ததும் என் கூடவே நடக்கத் தொடங்கினாள்.

“பெரியம்மா, நீங்க சுடுற இடியாப்பம் மாதிரி யாருக்கும் வராதுன்னு அம்மா சொன்னாங்க.”

பொய். என் இடியாப்பத்தை என் தங்கச்சி சின்ன வயதிலிருந்து நூல்கண்டு என்றுதான் சொல்லுவாள்.

மறுநாள், “அம்மா உங்கள நெனச்சு அழுதாங்க.”

அதுவும் பொய். காலில் ஆணி ஏறியபோதுகூட அழாதவள் அவள். மூன்றாம் நாள், என்னுடைய பச்சைச் சேலை எனக்கு எடுப்பாக இருக்கிறது என்று அம்மா சொன்னாளாம். எல்லாம் பொய் என்று தெரிந்தும் நான் அவளை அதட்டவில்லை. அது மட்டுமா, “வேற என்ன சொன்னா?” என்று கேட்க வேறு ஆரம்பித்திருந்தேன். வாய்க்கால் மதகுவரை அவளோடு நடந்து, அவள் மதகைத் தாண்டி வீட்டுக்குள் போகும்வரை நின்று பார்த்துவிட்டுத் திரும்புவேன். அந்தப் பக்கம் நான் கால் வைப்பதில்லை.

ஒருநாள் கேட்டேன். “என்னைப் பத்தி உங்கம்மாகிட்ட ஏதாவது சொல்றியா?”

“சொல்றேனே. பெரியம்மா தினம் தொழுதுட்டு உங்களுக்காகத்தான் துஆ கேக்குறாங்கன்னு சொல்லியிருக்கேன்.”

எனக்குச் சுருக்கென்றது. ஒன்பது மாதத்தில் ஒருநாள்கூட நான் அவளுக்காகத் துஆ கேட்டதில்லை. மழைக்குக் கேட்டேன், உரத்துக்குக் கேட்டேன், மோட்டார் ஓட வேண்டும் என்று கேட்டேன். அன்றைக்கு அந்தியில் மஃரிப் தொழுதுவிட்டுக் கையை ஏந்தினேன். தங்கச்சி பேரைச் சொல்ல வாய் வரவில்லை. சொல்லாமல் எழுந்தால் பிள்ளை சொன்னது பொய்யாகிவிடும். கடைசியில், “யா அல்லாஹ், அவளை நல்லா வை” என்று சொல்லிவிட்டுச் சட்டென்று கையை இறக்கிவிட்டேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் வண்டி விஷயமும் வந்திருக்கும். மறுநாளும் சொன்னேன். மூன்றாம் நாள் கொஞ்சம் சுலபமாக வந்தது.

அப்போது ஐப்பசி. தங்கச்சியும் அவள் வீட்டுக்காரரும் உம்ராவுக்குப் புறப்படுகிறார்கள் என்று ஊரில் பேச்சு. வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து திருச்சி ஏர்போர்ட்டுக்குக் கார். மக்காவுக்குப் போகிறவர்கள் புறப்படுவதற்கு முன்னால் வீடு வீடாகப் போய், “ஏதாவது தப்பு செஞ்சிருந்தா பொறுத்துக்கங்க” என்று கேட்டுவிட்டுப் போவது எங்கள் வழக்கம். கேட்காமல் போகக் கூடாது. கேட்டால் பொறுக்காமல் இருக்கவும் கூடாது.

ஆக, அவள் என் வாசலுக்கு வந்தே ஆக வேண்டும். திங்கட்கிழமையிலிருந்து காத்திருந்தேன். வந்தால் என்ன பேச வேண்டும் என்று ஒத்திகை பார்த்தேன். முதலில் கொஞ்சம் நிற்கவைக்க வேண்டும். பிறகு உட்காரச் சொல்ல வேண்டும். பிளாஸ்கில் டீ போட்டு வைத்தேன். அவள் எங்கள் தெருவுக்குப் புதன்கிழமை வந்தாள். கடைசி வீட்டில் தொடங்கி ஒவ்வொரு வீடாக வந்தாள். பக்கத்து வீட்டில் அவள் பேசுவது சுவர் வழியாகக் கேட்டது. முந்தானையைச் சரிசெய்துகொண்டு நின்றேன். அவள் என் வாசலைத் தாண்டி அடுத்த வீட்டுக்குப் போனாள்.

டீயை என் வீட்டுக்காரர் குடித்தார். “நல்லாருக்கு. இன்னும் யாராவது உம்ராவுக்குப் போறாங்களா?” என்றார். அவர் மேல் பிளாஸ்க் மூடியை எறிந்தேன்.

வியாழக்கிழமை வகுப்பில் தங்கச்சி மகள் வாயைத் திறக்கவில்லை. முடிந்து எல்லாரும் ஓடிய பிறகும் உட்கார்ந்திருந்தாள்.

“என்னடி, இன்னிக்கி அம்மா ஒண்ணும் சொல்லலயா?”

“நீங்கதான் வரக் கூடாதுன்னு சொன்னீங்களாம். அதனால உங்க வீட்டுக்கு வர மாட்டாங்களாம்.”

“இது நிஜமா, பொய்யா?”

“நிஜம் டீச்சர்.” அவள் உதடு பிதுங்கியது. “எனக்கு இதுக்கு மேல பொய் வரல.”

என்னிடம் யாரும் அதற்கு முன் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆறு வயதுப் பிள்ளை தன்னால் முடிந்த அத்தனை பொய்யையும் சொல்லித் தீர்த்துவிட்டு வெறுங்கையோடு உட்கார்ந்திருக்கிறது. நான் பாடம் நடத்துகிறேனாம். அவள் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். பாயையும் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள். ஏன் என்று நான் கேட்கவில்லை.

மதகுக்குப் பக்கத்து வயலில் நடவு. அந்த வயலைக் குத்தகைக்கு எடுத்திருக்கும் அக்கா நிமிர்ந்து பார்த்து, “என்ன, அந்தப் பக்கம் போறீங்க?” என்றார்.

“சண்டைக்குப் போகலங்க.”

“அப்ப ஏன் இவ்ளோ வேகமா போறீங்க?”

நடையை இன்னும் கூட்டினேன். நின்றால் திரும்பிவிடுவேன் என்று எனக்குத் தெரியும்.

தங்கச்சி வீட்டுக் கூடத்தில் இரண்டு பெரிய பெட்டிகள் கிடந்தன. அவள் முட்டிபோட்டு ஒரு பெட்டியின் ஜிப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். நான் வாசலில் நின்று, “அஸ்ஸலாமு அலைக்கும்” என்றேன். சத்தம் கொஞ்சம் கூடிவிட்டது. கோழிகள் ஓடின.

அவள் நிமிர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பவும் ஜிப்பை இழுத்தாள்.

“அம்மா, ஸலாம் சொல்றது சுன்னத்து, சொன்னா நன்மைதான். பதில் சொல்றது கடமை” என்றாள் மகள்.

“எனக்குத் தெரியும், நீ வாய மூடு.” பிறகு ஜிப்பைப் பார்த்து, “வ அலைக்குமுஸ்ஸலாம்” என்றாள்.

பொறுத்துக்கொள் என்று சொல்லத்தான் போனேன். வாயில் வந்தது வேறு. “ஊர்ல எல்லா வீட்டுக்கும் போன. என் வீடு மட்டும் கண்ணுக்குத் தெரியலயோ?”

“மையத்துக்கே வரக் கூடாதுன்னு சொன்னது யாரு? மையத்துக்கு வரக் கூடாதவ டீ குடிக்க வரலாமா?”

“வண்டிய மடக்குனது யாரு?”

“ஒரு மணி நேரம்னுதான் மடக்குனேன். வண்டி சேத்துல மாட்டும்னு நான் கனவா கண்டேன்?”

“மாட்டுச்சா?”

“ரெண்டு மணி நேரம். டிராக்டர் கொண்டாந்து இழுத்து எடுத்தோம். அதச் சொல்லத்தான் வரப்புக்கு ஓடியாந்தேன். நீ சொல்லவிட்டியா?”

விடவில்லை. ஒன்பது மாதமாக அவள் வேண்டுமென்றே நேரத்தை இழுத்தாள் என்றுதான் ஊர் முழுக்கச் சொல்லிவந்திருக்கிறேன். யாரும் என்னைத் திருத்தவில்லை. என்னைத் திருத்த யார் வருவார்கள்?

ஆனாலும் வாய் சும்மா இருக்குமா. “மாட்டுனாலும், மடக்குனது மடக்குனதுதானே?” என்றேன். “ஆமா, மடக்குனேன், இப்ப என்னங்குற?” என்று அவளும் எழுந்து நின்றாள். இருவரும் ஒரே நேரத்தில் கத்த, நடுவில் அந்தப் பிள்ளை பாயை விரிக்கப் பார்த்தாள். பெட்டிகள் கிடந்ததால் இடம் போதவில்லை.

“ரெண்டு பேரும் உட்காருங்க!” என்று வீறிட்டாள். அந்தச் சத்தம் எங்கள் வம்சத்துச் சத்தம். சந்தேகமே இல்லை.

நான் பக்கத்தில் இருந்த பெட்டி மேல் உட்கார்ந்தேன். பெட்டி அமுங்கியது. தங்கச்சி கண்ணை விரித்தாள்.

“அக்கா, எந்திரிக்காத. அப்படியே இரு.” குனிந்து ஜிப்பைப் பிடித்து ஒரே இழுப்பில் சுற்றி மூடினாள். “ரெண்டு நாளா மூடமாட்டேன்னுச்சு.”

ஒன்பது மாதத்துக்குப் பிறகு அவள் என்னை அக்கா என்று கூப்பிட்டது பெட்டி மூடுவதற்காக. பரவாயில்லை. “அடுத்த பெட்டியையும் கொண்டா” என்றேன்.

இரண்டாவது பெட்டி மேல் இருவரும் உட்கார்ந்தோம். அவள் கேட்டாள். “எனக்காக தினம் துஆ கேட்டியாமே?”

“கேட்டேன்.” மூன்று நாளாக என்பதைச் சொல்லவில்லை. “என் இடியாப்பம் மாதிரி யாருக்கும் வராதுன்னு சொன்னியாமே?”

“யாரு, நானா? அந்த நூல்கண்டையா?”

இருவரும் பிள்ளையைப் பார்த்தோம். அவள் பாயைச் சுருட்டுவதில் மும்முரமாக இருந்தாள். என் தங்கச்சி சிரிக்க ஆரம்பித்து, இருமலாகி, கண்ணைத் துடைத்தாள். அவள் அழமாட்டாள் என்று முன்பு எழுதியிருக்கிறேன். அதை அப்படியே வைத்துக்கொள்ளலாம்.

“பொறுத்துக்க அக்கா” என்றாள்.

“நீயும் பொறுத்துக்க. அந்த வார்த்தைய நான் சொல்லியிருக்கக் கூடாது.”

“அப்ப மையத்துக்கு வரலாம்ல?”

“வா. வந்து வேலையப் பாரு. விருந்தாளி மாதிரி கடைசியா வந்து நிக்காத.”

பாயைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு மகள் நடுவில் புகுந்தாள். “அப்ப நான் மயிலாடுதுறை மாமி வீட்டுக்குப் போக வேணாம்ல? பெரியம்மா வீட்டுலயே இருக்கலாம்ல?”

அப்போதுதான் தெரிந்தது. அம்மாவும் அத்தாவும் திரும்பி வரும்வரை அவளை மயிலாடுதுறையில் அத்தாவின் அக்கா வீட்டில் விடுவதாக ஏற்பாடு. அந்த வீட்டில் டிவி ரிமோட்டை அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவார்களாம். இத்தனை நாள் பிள்ளை ஓடி ஓடிச் சமாதானம் பேசியது எதற்காக என்று இருவருக்கும் விளங்கியது. எனக்குக் கோபம் வரவில்லை. நானும் நன்மைக்காகவா டீச்சர் ஆனேன்?

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து கார் கிளம்பியது. பிள்ளையோடு மதகில் நின்று வழியனுப்பினேன். கடைசி நிமிஷத்தில் தங்கச்சி கார் கண்ணாடியை இறக்கி மகளிடம் ஏதோ சொன்னாள். இன்ஜின் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. கார் ஆற்றுப்பாலம் பக்கம் திரும்பி மறைந்தது.

“அம்மா என்னடி சொன்னா?”

“தை மாசம் பெல்ட் வண்டி வந்தா முதல்ல உங்க வயலுக்குத்தானாம் பெரியம்மா.”

எனக்கு மனசு நிறைந்தது. நாலு எட்டு நடந்த பிறகுதான் உறைத்தது. நின்றேன்.

“இது நிஜமா, பொய்யா?”

அவள் கக்கத்திலிருந்த பாயை எடுத்து மதகு மேல் விரித்தாள்.

“முதல்ல உட்காருங்க. சொல்றேன்.”